விருந்தாளி என்று பெயர் பெற்ற இளவரசன்

ரிஷிமூலமும் நதிமூலமும் ஆராயலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. எளிய குடும்பங்கள் இவ்வறிவுரையைப் பின்பற்றிவிடலாம். அரச குடும்பங்களுக்கு அது எளிதன்று. அங்குப் பிறப்பே உரிமை; உரிமையே அரியணை. பிறப்பில் எழும் ஓர் ஐயம் தந்தையையும் மகனையும் பிரிக்கும், உடன்பிறந்தோரைப் பகைவராக்கும், சில வேளைகளில் ஒரு பேரரசையே பிளந்துவிடும். மங்கோலியப் பேரரசை நிறுவிய செங்கிஸ்கானின் மூத்த மகன் ஜோச்சியின் வாழ்வு இவ்வுண்மையை விளக்குவது. செங்கிஸ்கானை அறிந்தோர் பலர். குப்ளாய்கானை அறிந்தோரும் பலர். இவ்விருவருக்கும் இடையில் நிழலென நிற்கும் ஜோச்சியை அறிந்தோர் சிலரே. அவனுடைய வாழ்வையும் வழித்தோன்றல்களையும் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பழிக்குப் பழி

கதை ஜோச்சியின் பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மெர்க்கித் குலத்தைச் சேர்ந்த சிலேது என்பவன் ஹோயலுன் என்னும் பெண்ணை மணந்து தன் ஊருக்கு அழைத்துச் சென்றான். வழியில் அவளைக் கவர்ந்து சென்று மணந்துகொண்டவன் எசுகெய். அவர்களுக்குப் பிறந்த மகனே தெமுஜின். பின்னாளில் செங்கிஸ்கான் எனப் புகழ்பெற்றவன். மெர்க்கித் குலத்தார் இந்த அவமானத்தை மறக்கவில்லை. தெமுஜின் வளர்ந்து பொர்த்தே என்பவளை மணந்த சிறிது காலத்தில், அவர்கள் திடீரெனத் தாக்கிப் பொர்த்தேயைச் சிறைபிடித்தனர். அவளைச் சிலேதுவின் தம்பி சில்கர் என்பவனிடம் ஒப்படைத்தனர்.

தெமுஜின் அப்போது படையோ பொருளோ இல்லாத இளைஞன். கெரெயித் குலத் தலைவன் தொக்ருலும் இளமைத் தோழன் ஜமுக்காவும் துணைவர, அவன் மெர்க்கித் பாசறையைத் தாக்கி மனைவியை மீட்டான். மீட்கப்பட்ட பொர்த்தே விரைவில் ஓர் ஆண்மகவை ஈன்றாள். 1182ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த இப்பிறப்பே பின்னர் எழுந்த பூசல்கள் அனைத்திற்கும் வித்தாயிற்று. குழந்தைக்கு ஜோச்சி என்று பெயரிட்டனர். அச்சொல்லுக்கு ‘விருந்தாளி’ என்று பொருள் கூறுவர்.

இந்நிகழ்ச்சியை இரு நூல்கள் இருவிதமாகக் கூறுகின்றன. மங்கோலியர் தம் மொழியிலேயே 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த ‘மங்கோலியரின் மறை வரலாறு’ கவர்தலையும் மீட்டலையும் ஒளிக்காமல் சொல்கிறது. ஈரானை ஆண்ட மங்கோலிய மன்னர்களின் அமைச்சரான ரஷீதுத்தீன், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பெருநூலில் வேறுவிதமாக உரைக்கிறார். பொர்த்தே சிறைப்படும்போதே கருவுற்றிருந்தாள். மெர்க்கித்தார் அவளைத் தொக்ருலிடம் அனுப்பினர். தொக்ருல் அவளை மருமகளெனப் பேணித் திருப்பியனுப்பினான். வழியில் குழந்தை பிறக்கவே, தொட்டிலும் துணியும் இல்லாமையால் பிசைந்த மாவில் பொதிந்து கொண்டுவந்தனர் என்பது அவர் கூற்று. அரச குலத்தின் மானத்தைக் காக்கும் அக்கறை இவ்வுரையில் வெளிப்படையாகவே தெரிகிறது.

தந்தையின் தீர்ப்பு

ஊரார் என்ன பேசினரோ, செங்கிஸ்கான் ஜோச்சியைத் தன் மூத்த மகனாகவே நடத்தினான். 1206இல் பேரவை கூடி அவனைச் ‘செங்கிஸ்கான்’ என்று ஏற்றது. அதற்கு அடுத்த ஆண்டே சைபீரியக் காடுகளில் வாழ்ந்த மக்களை அடக்கும் பொறுப்பு ஜோச்சிக்கு அளிக்கப்பட்டது. ஓயிராத், கிர்கிஸ் முதலிய மக்களை அவன் பெரும் இழப்பின்றிப் பணியச் செய்தான். மகிழ்ந்த தந்தை அம்மக்களை அவனுக்கே உரிமையாக்கினான். பின்னர்க் குடிகளைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டபோது ஜோச்சிக்கு 9,000, சகதாய்க்கு 8,000, ஒகதாய்க்கும் துலுய்க்கும் தலா 5,000 என்று வழங்கியதாக மறை வரலாறு குறிக்கிறது. மூத்தவனுக்கே மிகுந்த பங்கு. பெற்றால்தான் பிள்ளையா என்று நாம் கேட்பதுண்டு. அக்கேள்விக்குச் செங்கிஸ்கான் சொல்லால் அன்றிச் செயலால் விடை கூறினான் எனலாம்.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நெஞ்சை உறுத்துவது. மெர்க்கித் குலத்தின் எஞ்சிய படையை ஜோச்சி முறியடித்தபோது, அக்குலத் தலைவனின் இளைய மகன் சிறைப்பட்டான். அவன் வில்லாற்றலில் இணையற்றவன். எய்த அம்பின் மீதே மறு அம்பை எய்து பிளக்கவல்ல அவனுடைய திறனைக் கண்டு வியந்த ஜோச்சி, அவனுக்கு உயிர்ப்பிச்சை வேண்டித் தந்தைக்குத் தூது விடுத்தான். மெர்க்கித்தாரை விடக் கொடிய பகைவர் தமக்கு இல்லை என்று கூறிச் செங்கிஸ்கான் மறுத்துவிட்டான், இளைஞன் கொல்லப்பட்டான். தன்னை எக்குலத்தான் என்று பிறர் ஏசினரோ அக்குலத்து இளைஞனுக்காகவே ஜோச்சி இரந்து நின்றான். அது வீரனை வீரன் மதித்த செயலாகவே இருக்கலாம். ஆயினும் ஏசுவோர் வாய்க்கு அது மேலும் ஒரு சொல்லைத் தந்திருக்கும்.

கூடாரத்தில் வெடித்த பூசல்

1219இல் குவாரசம் நாட்டின்மீது படையெடுக்கும் முன்னர், தமக்குப் பின் ஆள்பவர் யார் என்பதை முடிவு செய்யுமாறு ஏசுய் என்னும் அரசி செங்கிஸ்கானை வேண்டினாள். அவன் முதலில் ஜோச்சியைப் பேசுமாறு பணித்தான். ஜோச்சி வாய்திறக்கும் முன்பே சகதாய் குறுக்கிட்டு, மெர்க்கித்தின் வித்துக்குத் தாம் கீழ்ப்படிவதா என்று சீறினான். ஜோச்சி பாய்ந்து அவன் சட்டையைப் பற்றினான். தந்தை தன்னை ஒருபோதும் வேறுபடுத்தாதபோது நீ எவ்வாறு வேறுபடுத்தலாம் என்று கேட்டு, வில்லிலும் மல்லிலும் மோதிப் பார்க்க அறைகூவினான். போர்ச்சுவும் முகாலியும் இருவரையும் பிடித்து விலக்கினர். செங்கிஸ்கான் ஒரு சொல்லும் கூறாது அமர்ந்திருந்தான்.

அப்போது பேசியவர் கோகோசோஸ் என்னும் முதியவர். உலகமே நிலைகுலைந்து, உறங்கப் படுக்கையும் அற்றுப் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில் நேர்ந்த துன்பத்துக்கு உங்கள் அன்னை என்ன செய்வாள், விரும்பியா போனாள், பட்டினி கிடந்து உங்களை வளர்த்தவளின் மனத்தைப் புண்படுத்தலாமா என்ற பொருள்பட அவர் சகதாயைக் கடிந்துகொண்டார். பின்னரே செங்கிஸ்கான், ஜோச்சியே தன் மூத்த மகன் என்றும் இனி அவ்வாறு பேசலாகாது என்றும் அறுதியிட்டான். ஆயினும் சொல்லிய சொல்லை மீட்க இயலுமோ? மூத்தவரிருவரும் விலக, மூன்றாம் மகனான ஒகதாய் வாரிசாக ஏற்கப்பட்டான். ஒரு வசைச்சொல் பேரரசின் வழியுரிமையையே மாற்றிவிட்டது.

சகோதரப் பகை போர்க்களத்திலும் தொடர்ந்தது. சிர் தரியா ஆற்றின் வழியே சென்ற ஜோச்சி 1220இல் ஜெந்து நகரைக் கைப்பற்றினான். எதிர்க்காத அந்நகர மக்களின் உயிரைப் பறிக்கவில்லை. எனினும் சிக்னாக் நகரில் தன் தூதன் கொல்லப்பட்டமைக்காக அவன் இழைத்த கொடுமையையும் மறைத்தல் முறையன்று. குவாரசத்தின் தலைநகர் குர்கஞ்சு முற்றுகையிடப்பட்டபோது, தனக்குரியதாகப் போகும் அந்நகரைச் சிதைக்காமல் கொள்ள ஜோச்சி விரும்பினான். சகதாயோ விரைவில் தகர்க்க விழைந்தான். இருவர் கட்டளையும் முரண்படப் படை மடிந்தது. சினமுற்ற தந்தை தம்பியாகிய ஒகதாயைத் தலைவனாக்கினான். 1221இல் வீழ்ந்த நகரம் தரைமட்டமாயிற்று. மூத்தவனுக்கு அது இரட்டைத் தோல்வி.

முடிவு

அதன்பின் ஜோச்சி மங்கோலியாவுக்குத் திரும்பவில்லை. இன்றைய கசக்கஸ்தானின் புல்வெளிகளில் தங்கிவிட்டான். தந்தை அழைத்தும் நோயைக் காரணம் காட்டி அவன் வரவில்லை. அந்நிலப்பகுதியிலிருந்து வந்த ஒருவன், ஜோச்சி வேட்டையாடிக் கொண்டிருந்ததாகக் கூறவே, செங்கிஸ்கான் சினந்து படை திரட்ட முனைந்தான் என்றும், அதற்குள் மகனின் சாவுச்செய்தி வந்தது என்றும் ரஷீதுத்தீன் எழுதுகிறார். வேட்டையாடியவர்கள் ஜோச்சியின் படைத்தலைவர்களே. அவன் உண்மையாகவே நோயுற்றிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. தில்லியில் இருந்து 1260இல் தம் வரலாற்றை முடித்த ஜுஸ்ஜானியோ, தந்தையின் கொடுமையை வெறுத்த ஜோச்சியை அவர் ஆட்களே நஞ்சூட்டிக் கொன்றதாகக் குறிக்கிறார். எவ்வாறாயினும், 1227 ஆகஸ்டில் செங்கிஸ்கான் இறக்கும் முன்னரே மூத்த மகன் மறைந்துவிட்டான்.

கசக்கு மக்கள் மற்றொரு கதை கூறுவர். நொண்டிக் காட்டுக்கழுதை ஒன்றால் வேட்டையில் இளவரசன் இறந்தான். அச்செய்தியைச் சொல்பவன் தொண்டையில் உருக்கிய ஈயம் ஊற்றப்படும் என்று கான் ஆணையிட்டிருந்தான். எவரும் வாய்திறவாத நிலையில், கலைஞன் ஒருவன் தோம்ப்ரா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டியே அத்துயரைப் புலப்படுத்தினான். ஈயம் கருவியில் ஊற்றப்பட்டது. ‘அக்சக் குலான்’ என்னும் அவ்விசை இன்றும் வாசிக்கப்படுகிறது. ஜோச்சியின் சமாதி எனப் போற்றப்படும் செங்கல் மண்டபம் ஜெஸ்கஸ்கன் நகருக்கு அப்பால், கெங்கிர் ஆற்றங்கரைப் பகுதியில் நிற்கிறது.

வழித்தோன்றல்கள்

ஜோச்சிக்கு ஏறத்தாழ 40 புதல்வர் என்று கேள்வியுற்ற ரஷீதுத்தீன், அவர்களுள் 14 பேரின் பெயர்களைத் தருகிறார். மூத்தவன் ஓர்தா, இரண்டாமவன் பாத்து. அண்ணனாகிய ஓர்தா தானே முன்வந்து தம்பியின் தலைமையை ஏற்றான். தந்தையின் தலைமுறையில் நிகழாத விட்டுக்கொடுத்தல் மைந்தர் தலைமுறையில் நிகழ்ந்தது. மோங்கே கான் தன் ஆணைகளில் ஓர்தாவின் பெயரையே முதலில் எழுதினான் என்பது அவ்விட்டுக்கொடுத்தலுக்குக் கிடைத்த மதிப்பாகும்.

1240இல் கீவ் நகரையும், 1241இல் மோகிப் போரில் அங்கேரியரையும் வென்ற பாத்து, வோல்கா ஆற்றங்கரையில் சராய் நகரை அமைத்தான். பேரரசின் அரியணை காலியானபோது தான் அதில் அமரவில்லை. துலுயின் மகன் மோங்கேயை 1251இல் அமர்த்தினான். ஜோச்சியின் தலைமை மனைவி பெக்துத்மிஷும் மோங்கேயின் தாய் சொர்காக்தானியும் உடன்பிறந்த சகோதரியர் என்பது இங்கே நினைவுகொள்ளத்தக்கது. பாத்துவின் தம்பி பெர்கே இசுலாத்தைத் தழுவியவன். 1258இல் பாக்தாதை அழித்த ஹுலாகுவை எதிர்த்து, எகிப்திய சுல்தான் பைபர்சுடன் அவன் நட்புக் கொண்டான். 1262இல் செங்கிஸ்கானின் பேரர்கள் இருவர் ஒருவரையொருவர் எதிர்த்துப் போர் தொடங்கினர்.

புல்வெளி நாடுகளில் செங்கிஸ்கான் வழியினரே ‘கான்’ ஆகலாம் என்பது எழுதா விதி. மமாய், எதிகு போன்ற வல்லவர்களும் அக்குலத்தவர் அல்லாமையால், ஜோச்சி மரபின் இளவரசர்களை முன்னிறுத்தியே ஆள வேண்டியதாயிற்று. எவனுடைய பிறப்பு ஐயுறப்பட்டதோ அவனுடைய குருதியே அரசுரிமைக்குச் சான்றாயிற்று! கிரீமியக் கான்கள் 1783 வரை ஆண்டனர். கசக்குக் கான்களும் அம்மரபினரே.

இம்மரபு இந்திய வரலாற்றையும் தொட்டிருக்கிறது. 1501இல் பாபரைத் தோற்கடித்துச் சமர்கந்திலிருந்து விரட்டிய முகம்மது ஷைபானி, ஜோச்சியின் மகன் ஷிபானின் வழிவந்தவன். பாபரின் தாயோ சகதாயின் வழிவந்தவள். கூடாரத்தில் மூண்ட பூசல் 280 ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்விரு குலங்களின் வழியினரை எதிரெதிரே நிறுத்தியது. அத்தோல்வியின்போது பாபரின் தமக்கை கான்சாதா வெற்றி பெற்றவனின் மனைவியானாள். பத்தாண்டுகள் கழிந்து அவள் மீண்டபோது, பாபர் அவளை மரியாதையோடு வரவேற்றார். முகலாயக் குடும்பத்தின் பெருமூதாட்டியாக அவள் போற்றப்பட்டாள்.

பொர்த்தே அறிவிற் சிறந்தவள். ஜமுக்காவை விட்டுப் பிரிய வேண்டியதையும், பூசாரி தெப் தெங்கிரியின் செருக்கை அடக்க வேண்டியதையும் கணவனுக்கு எடுத்துரைத்தவள் அவளே. அச்சொற்களை மறை வரலாறு போற்றிப் பதிந்துள்ளது. ஆனால் ஜோச்சியின் பிறப்பைப் பற்றிச் சகதாய் பேசுகிறான், ஜோச்சி பேசுகிறான், முதியவர் பேசுகிறார், இறுதியில் கான் பேசுகிறான். பெற்றவளின் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அவளிடம் எவரும் கேட்கவும் இல்லை.