சாப்பாடே மருந்தான கதை

பி.காம். படிக்கிறவனுக்குக் குடல் நோயின் வரலாற்றில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதுவும் ஒரு விதத்தில் வரவு செலவுக் கதையே. ஒரு பிள்ளை உயரமாக வளர இயற்கை கொடுத்திருக்கும் காலம் கொஞ்சம்தான். பருவ வயது முடிந்து எலும்பின் வளரும் முனைகள் மூடிக்கொண்டால், பிறகு எவ்வளவு நல்ல மருந்து வந்தாலும் இழந்த உயரம் திரும்பாது. அந்தக் காலத்தை ஒரு நோயிடமிருந்து எப்படி மீட்டார்கள் என்று பார்ப்போம்.

1932-ல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூன்று மருத்துவர்கள், சிறுகுடலின் கடைசிப் பகுதி வீங்கிப் புண்ணாகும் ஒரு நோயை விவரித்துக் கட்டுரை எழுதினார்கள். ஆங்கில அகரவரிசையில் முதலில் வந்தவரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது: கிரோன் நோய். வயிற்றுவலி, பேதி, எடை குறைவது எல்லாம் பெரியவர்களுக்கும் உண்டு. குழந்தைகளுக்கு மட்டும் இன்னொன்று சேர்கிறது. வளர்ச்சி நின்றுவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு வயிற்றுவலிக்கும் முன்னால் தெரியும் அடையாளமே அதுதான்.

1950-களில் ஸ்டீராய்டு மருந்துகள் வந்தன. வலியும் பேதியும் சீக்கிரம் அடங்கின. ஆனால் ஸ்டீராய்டை நீண்ட நாள் கொடுத்தால் அதுவே வளர்ச்சியைத் தடுக்கும். நோய் ஒரு பக்கம் தின்றது, மருந்து மறுபக்கம் தின்றது. பெற்றோர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்!

1976-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. வளர்ச்சி நின்றுபோன பதின்வயதினருக்கு ரத்தக்குழாய் வழியாக முழு ஊட்டமும் செலுத்தியபோது அவர்கள் மறுபடி வளர ஆரம்பித்தார்கள். 1981-ல் வாய்வழி ஊட்டத்தாலும் இது முடியும் என்று சிகாகோவின் பார்பரா கிர்ஷ்னர் குழுவினர் காட்டினார்கள். ஆக, வளர்ச்சி நின்றதற்குப் பட்டினி ஒரு பெரிய காரணம். சாப்பிட்டால் வலிக்கிறது என்று பிள்ளை தானாகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறது.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். 1960-களில் விண்வெளி வீரர்களுக்காக ஒரு உணவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அமினோ அமிலம், சர்க்கரை, வைட்டமின், தாது உப்பு எல்லாம் கலந்த திரவம் அது. செரிக்க வேலையே இல்லாததால் கழிவும் குறைவு. 1965-ல் நேச்சர் இதழில் இதைப் பற்றிய ஆய்வு வந்தது. பிறகு அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியைத் தேற்ற மருத்துவர்கள் இதைக் கொடுத்தார்கள். கொடுத்த இடத்தில் குடல் நோயே தணிவதைக் கவனித்தார்கள். 1973-ல் கனடாவிலிருந்து வந்த ஒரு கட்டுரை, இந்த உணவே சிகிச்சையாகுமா என்று தலைப்பிலேயே கேட்டது.

1984-ல் லண்டனில் ஓ'மொரெய்ன் குழுவினர் 21 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஸ்டீராய்டும் மறுபகுதிக்கு இந்தத் திரவ உணவும் கொடுத்தார்கள். உணவு ஸ்டீராய்டுக்குச் சளைக்கவில்லை. 1987-ல் அதே லண்டனில் சாண்டர்சன் குழுவினர் 17 குழந்தைகளிடம் சோதித்தார்கள். நோய் தணிவதில் இரண்டும் சமம். ஆனால் திரவ உணவு குடித்த பிள்ளைகள் கூடுதலாக உயர்ந்திருந்தார்கள். என் பார்வையில் இந்த வரலாற்றின் மையமே அந்த 17 பேர்தான்.

காரணம் பின்னால் தெளிவானது. அழற்சியின்போது உடலில் சுரக்கும் சில பொருட்கள், வளர்ச்சிக்கு வேண்டிய ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோனை அமுக்குகின்றன. திரவ உணவு தொடங்கிய சில நாட்களிலேயே, எடை ஏறும் முன்பே, அழற்சி குறைந்து அந்த ஹார்மோன் ஏறுகிறது. அதாவது இது வெறும் சத்து ஏற்றுவது இல்லை, அழற்சிக்கான மருந்தும்கூட. 2006-ல் இத்தாலியில் 10 வார ஆய்வு ஒன்று நடந்தது. குடல் புண் ஆறியது திரவ உணவில் 74 சதவீதம் பேருக்கு, ஸ்டீராய்டில் 33 சதவீதம் பேருக்கு. இதில் கொடுத்தது அமினோ அமிலக் கலவைகூட இல்லை, முழுப் புரதம் உள்ள சாதாரண ஊட்ட பானம்தான்.

2014-ல் ஐரோப்பிய வழிகாட்டுதல் இதைக் குழந்தைகளின் கிரோன் நோய்க்கு முதல் சிகிச்சையாகவே பரிந்துரைத்தது.

அப்படியானால் எல்லோரும் ஏன் இதைச் செய்வதில்லை? ஆறு முதல் எட்டு வாரம் இட்லி கிடையாது, சோறு கிடையாது, பிறந்தநாள் கேக் கிடையாது. அந்தப் பானம் மட்டும்தான். குடிக்க முடியாத பிள்ளைக்கு மூக்கு வழியாக டியூப். வீடே உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு குழந்தை டம்ளரோடு தனியாக இருப்பது சின்ன விஷயமா? அதனால்தான் 2019-ல் வெளியான ஒரு ஆய்வு முக்கியமானது. பாதி பானம், மீதி கோழி, முட்டை, அரிசி, உருளைக்கிழங்கு போன்ற தேர்ந்தெடுத்த உணவு என்று கொடுத்துப் பார்த்தார்கள். நோயும் தணிந்தது, பிள்ளைகளாலும் எளிதாகத் தாக்குப்பிடிக்க முடிந்தது.

இதற்கு எல்லை உண்டு. பெருங்குடல் புண் நோய்க்கு இது இப்படி வேலை செய்வதில்லை. நோயை அடியோடு நீக்குவதும் இல்லை. நோய் கடுமையாக இருந்தால் புதிய உயிரியல் மருந்துகளை முதலிலேயே தருகிறார்கள். மெலிந்துபோன குழந்தைக்கு ஊட்டத்தைத் திடீரென்று ஏற்றுவதும் ஆபத்து. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் சத்து மாவு வாங்கித் தாங்களாகவே ஆரம்பிக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிள்ளை, கூடப் படிப்பவர்கள் எல்லாம் வளரும்போது தான் மட்டும் அப்படியே நின்றால், 'பரம்பரையே குட்டைதான்' என்று விட்டுவிடாமல் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் கணக்கில் கடன் சொல்ல முடியாது.