காட்டு நிறப் பட்ஜி: ஆலங்குளம் வட்டாரத்தில் அசல் பறவையை அறிந்து வாங்குதல்

பட்ஜெரிகர், சுருக்கமாகப் பட்ஜி, ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில் தண்ணீரும் புல்விதையும் தேடிப் பெருங்கூட்டமாகத் திரியும் சிறு கிளி. தமிழ்நாட்டில் இதை எல்லோரும் ‘லவ் பேர்ட்ஸ்’ என்கிறார்கள். இன்று கடைகளில் தொங்கும் கூண்டுகளில் நீலம், வெள்ளை, மஞ்சள், சாம்பல் என்று பல நிறங்களில் இது கிடைக்கிறது. அவை எல்லாம் மனிதர் வளர்ப்பில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய நிறங்கள். காட்டில் இந்தப் பறவை பச்சை. அந்தப் பச்சையையும் கரிய வரிகளையும் சிறிய உடலையும் மாறாமல் வைத்திருக்கும் வளர்ப்புப் பறவையையே இங்கே காட்டு நிறப் பட்ஜி என்கிறோம். இக்கட்டுரை விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தையும் அதை அடுத்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர்களையும் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது. அரசு சிமெண்ட் ஆலை உள்ள ஆலங்குளம் இது. தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேறு.

இந்த வட்டாரத்தில் பச்சைக் கிளி வாங்குவது மற்ற ஊர்களைவிடக் கூடுதல் கவனம் கேட்கும் காரியம். மேற்கே தெரியும் மலை, 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. செந்தலைக் கிளியும் நீலச் சிறகுக் கிளியும் சின்னஞ்சிறு தொங்கும் கிளியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கத்துக் காடுகளுக்குச் சொந்தமானவை. சமவெளித் தோப்புகளில் பச்சைக்கிளி சாதாரணம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலோ மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு நாள்தோறும் புதிதாகக் கட்டிய கிளி இருக்கிறது. கிளி மேல் இத்தனை பிரியமுள்ள ஊரில், கூண்டில் பச்சையாக ஒரு பறவையைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் முதலில் எழ வேண்டும்.

சட்டம் சொல்வது

பட்ஜி வளர்க்கலாம், நம் நாட்டுக் கிளி எதையும் வளர்க்கக் கூடாது. இந்தியப் பறவைகளின் வணிகம் 1990-91 முதலே தடைசெய்யப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபின் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ‘வீட்டிலேயே பொரித்த குஞ்சு’, ‘தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது’ என்பதெல்லாம் அங்கே செல்லாது. 2023இல் சென்னையில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வைத்திருந்த ஒரு திரைப்பட நகைச்சுவை நடிகருக்கு வனத்துறை 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் கிளி ஜோசியரின் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்ததும் செய்தியானது. சில்லைக் குருவிகளுக்குச் சாயம் பூசி ‘கலர் குருவி’ என்று விற்பதும் இதே குற்றம்தான்.

பட்ஜியின் நிலை வேறு. நாடுகளுக்கிடையே நடக்கும் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை கிளி இனங்கள் அனைத்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டு, நான்கை மட்டும் வெளியே விட்டது. அவை பட்ஜி, காக்கடைல், பீச் முக ஆப்பிரிக்கன் லவ் பேர்ட், நம் பச்சைக்கிளி. இதனால்தான், பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வளர்ப்போர் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்னும் 2024ஆம் ஆண்டு விதிகள் பட்ஜியைத் தொடவில்லை. நான்கில் ஒன்றான பச்சைக்கிளிக்கு அந்த விலக்கால் இங்கே எந்தப் பயனும் இல்லை, நம் நாட்டுச் சட்டம் அதைத் தனியே காக்கிறது. ஃபிஷர் போன்ற வேறு ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸுக்கும் பதிவு வேண்டும். பட்ஜியோடு சேர்த்து அவற்றையும் விற்கும் வளர்ப்பாளரிடம் அந்தப் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கலாம். சட்டத்தை மதிப்பவரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கடை வைத்து விற்பவருக்கு 2018ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகள் உண்டு. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், வாங்கிய விற்ற கணக்கு வைத்திருக்க வேண்டும், தானே தின்னத் தெரியாத குஞ்சை விற்கக் கூடாது. வாரச் சந்தையும் இணைய வழி விற்பனையும் இவ்விதிகளுக்குள் வரும்.

‘ஆஸ்திரேலியாவிலிருந்து நேரே வந்தது’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தன் நாட்டுக் காட்டுப் பறவைகளை வணிகத்துக்காக வெளியே அனுப்புவதை ஆஸ்திரேலியா பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது. இந்தியாவில் விற்கும் பட்ஜி எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. சிறிய பட்ஜியை ‘ஆஸ்திரேலியன்’ என்றும் பெரிய தலை கொண்ட கண்காட்சிப் பறவையை ‘இங்கிலீஷ்’ என்றும் வளர்ப்பவர்கள் பிரித்துச் சொல்வது அளவைக் குறிக்கத்தான்.

அசலின் அடையாளம்

ஜார்ஜ் ஷா 1805இல் இந்த இனத்தை விவரித்துப் பெயரிட்டார். ஜான் கூல்டு 1840இல் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1870களில் ஐரோப்பியக் கூண்டுகளில் மஞ்சள் நிறம் தோன்றியது, அடுத்த சில ஆண்டுகளில் நீலம் வந்தது. மஞ்சள் நிறமியை உண்டாக்கும் மரபணு பழுதானால் பச்சை, நீலமாகிவிடும்; அந்த மரபணு எது என்று 2017இல் கண்டறிந்தார்கள். அதாவது பச்சை என்பது இறகின் அமைப்பு தரும் நீலமும் நிறமி தரும் மஞ்சளும் சேர்ந்த தோற்றம்.

காட்டுப் பட்ஜி அலகிலிருந்து வால் நுனி வரை சுமார் 18 செ.மீ. நீளம், 30 முதல் 40 கிராம் எடை. கண்காட்சிப் பறவையோ 50 கிராமைத் தாண்டும். நெற்றி இறகு புடைத்துக் கண்ணையே மறைக்கும். அசலின் தலை சிறியது, உடல் ஒடிசலானது. முகமும் நெற்றியும் தெளிந்த மஞ்சள். பின்தலையிலிருந்து முதுகு வரை மெல்லிய கறுப்பு வரிகள் நெருங்கி ஓடும். வயிறும் இடுப்பும் புல் தளிரின் இளம்பச்சை. தொண்டையில் ஆறு கறுப்புப் பொட்டுகள், அவற்றில் ஓரத்து இரண்டும் கன்னத்தின் ஊதாத் திட்டுக்கு அடியில் பாதி மறைந்திருக்கும். நீண்ட நடு வால் இறகுகள் கருநீலம். சிறகை விரித்துப் பார்த்தால் பறக்கும் இறகுகளின் குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை தெரியும். நெற்றி மஞ்சள் புற ஊதா ஒளியில் ஒளிரும் தன்மை கொண்டது. ஜோடி தேர்வில் அதற்குப் பங்குண்டு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

பச்சையாக இருந்தால் மட்டும் அசலாகிவிடாது. கரும்பச்சையும் ஆலிவும் வேறு காரணியால் வருவன. வரி கறுப்பாக இல்லாமல் பழுப்பாக இருந்தால் சின்னமன், சாம்பலாக இருந்தால் கிரேவிங். தோள்களுக்கு நடுவே வரி இல்லாமல் வெறும் பச்சை தெரிந்தால் ஓபலைன். வாலும் கன்னத் திட்டும் நீலமாக இல்லாமல் கறுப்பும் சாம்பலுமாக இருந்தால் கிரே கிரீன். அவசரத்தில் பார்ப்பவர் ஏமாறுவது இதில்தான். பிடரியில் ஒரே ஒரு மஞ்சள் பொட்டு இருந்தாலும் அது பைடு என்னும் திட்டுநிற வகையின் வழி வந்ததாக இருக்கக்கூடும்.

தொங்கும் கிளிக் குஞ்சைப் பட்ஜி என்று நீட்டுபவரும் இருக்கலாம். அதற்கு வால் குட்டை, முதுகில் வரி கிடையாது, இடுப்பு சிவப்பு. செந்தலைக் கிளியின் குஞ்சுக்கும் வரி கிடையாது. வரியில்லாத பச்சைக் குஞ்சை விலை பேசவே கூடாது.

பெற்றோர் யார்?

கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. நீல நிறம் ஒடுங்கு பண்பு. நீலத்தின் மரபணுவை ஒரு பிரதி சுமக்கும் பச்சைப் பட்ஜி, அசல் பச்சைபோலவே இருக்கும். வளர்ப்பவர்கள் இதை ‘ஸ்பிளிட்’ என்பார்கள். இரண்டு ஸ்பிளிட் ஜோடி சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒரு குஞ்சு நீலம். சின்னமன், ஓபலைன், லுட்டினோ ஆகியவை பாலோடு இணைந்த பண்புகள். ஆண் அவற்றை ஒளித்து வைத்திருக்கலாம், பெண்ணால் முடியாது. ஆகவே பெண்ணை வாங்குபவருக்கு அந்த மூன்று கவலையும் இல்லை. ஆணை வாங்கும்போது அதன் பெண் குஞ்சுகள் என்ன நிறம் என்று கேட்க வேண்டும். சுத்தப் பச்சை அம்மாவுக்குப் பிறந்த பெண் குஞ்சு சிவந்த கண்ணோடு மஞ்சளாக வந்தால், அப்பா லுட்டினோவைச் சுமக்கிறது என்று பொருள். பச்சைப் பெற்றோரின் கூட்டில் ஒரு நீலக் குஞ்சு பொரிந்திருந்தால் அப்பா, அம்மா இரண்டுமே ஸ்பிளிட்.

இதைச் சொல்லக்கூடியவர் தனி ஜோடியாக வளர்ப்பவர் மட்டுமே. நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் ஒரே பெரிய கூண்டில் பல ஜோடிகளை விட்டு, சுவரோரம் மண் கலயங்களைக் கட்டிவிடுகிறார்கள். குஞ்சு நிறைய வரும். ஆனால் எந்தக் கலயத்துக் குஞ்சுக்கு யார் அப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட கூட்டுக் கூண்டிலிருந்து அழகான பச்சைப் பறவை கிடைக்கும், அதை வளர்த்து மகிழலாம். அசல் வரிசையைத் தொடர நினைப்பவருக்கு அது உதவாது. சின்னக் கூண்டுகளில் ஜோடிக்கு ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கவிட்டு, முட்டையிட்ட நாளும் பொரித்த நாளும் எழுதி வைத்திருப்பவரைத் தேடிப் போவதே சரி. பெண் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடும். ஒவ்வொன்றும் சுமார் 18 நாளில் பொரியும். குஞ்சு ஐந்து வாரத்தில் கூட்டை விட்டு வரும். அட்டையில் இந்தக் கணக்கு இடிக்காமல் இருக்க வேண்டும்.

காலில் மூடிய ரிங் இருப்பது பெரிய துணை. குஞ்சு பொரித்த முதல் இரண்டு வாரத்துக்குள், விரல்களைச் சேர்த்துப் பிடித்து அதை நுழைப்பார்கள். கால் பருத்தபின் நுழையாது. ஆகவே இணைப்பில்லாத ரிங் போட்ட பறவை அந்த வயதிலேயே மனிதர் கையில் இருந்தது உறுதி. பிளந்து மாட்டும் பிளாஸ்டிக் ரிங்கை எந்த வயதிலும் எந்தப் பறவைக்கும் போடலாம். அதை அடையாளக் குறியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ரிங் எண், பொரித்த நாள், பெற்றோரின் ரிங் எண், விற்பவர் கையெழுத்து இந்த நான்கும் உள்ள ரசீதைச் சட்டம் கேட்காவிட்டாலும் வாங்குபவர் கேட்டு வாங்க வேண்டும். வனத்துறையினர் விசாரிக்க வந்தாலும், நாளை அதன் குஞ்சை இன்னொருவருக்குக் கொடுத்தாலும் பேசுவது அந்தத் தாள்தான்.

கையில் எடுத்துப் பார்த்தல்

வயதை நெற்றி சொல்லும். குஞ்சுக்குக் கறுப்பு வரி அலகு வரை வந்திருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகுதிர்வின்போது அது பின்னுக்குப் போய் நெற்றி மஞ்சளாகும். குஞ்சின் கண் முழுக் கறுப்பு. வளர்ந்ததற்கு வெள்ளை வளையம் இருக்கும். அலகுக்கு மேல் மூக்குத்துளைகளைச் சுற்றியுள்ள தோல், வளர்ந்த ஆணுக்கு நீலம், முட்டையிடும் பருவத்துப் பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சில் இளஞ்சிவப்பு-ஊதா படர்ந்திருந்தால் ஆண். துளையைச் சுற்றி வெளிறிய வளையம் இருந்தால் பெண். நெற்றி தெளியாத, தானே தினை கொறிக்கும் எட்டு வாரக் குஞ்சு மனிதரோடு பழகுவதற்கு நல்ல வயது.

நோயுள்ள பறவை கூண்டுக் கம்பியோரம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலில் தூங்கும். நெஞ்சை விரலால் தடவினால் நடு எலும்பு கத்திமுனைபோல் தட்டுப்பட்டால் உள்ளே நோய் இருக்கக்கூடும். தின்றுகொண்டே இளைக்கும் பட்ஜிக்கு வயிற்றுப் பூஞ்சைத் தொற்று காரணமாக இருப்பதுண்டு. அலகிலும் காலிலும் தேன்கூடுபோல வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் செள்ளுப்பூச்சி. சிறகும் வாலும் உதிர்ந்து தரையில் ஓடும் குஞ்சுகள் ஒரு கூண்டில் இருந்தால் அந்த வீட்டிலிருந்து எதையும் வாங்காமல் இருப்பது நல்லது. அது வைரஸ் நோயாக இருக்கக்கூடும், மற்ற பறவைகளுக்கும் பரவும். எச்சத்தூசி வழியாக மனிதருக்குத் தொற்றும் கிளிக் காய்ச்சலும் உண்டு. கூண்டைச் சுத்தம் செய்யும்போது தண்ணீர் தெளித்துவிட்டு எச்சத்தை அள்ளுவது பாதுகாப்பு.

நல்ல வளர்ப்பாளர் கேள்வி கேட்பார். கூண்டு எவ்வளவு அகலம், வீட்டில் பூனை உண்டா, ஒன்றா ஜோடியா என்று விசாரிப்பார். குஞ்சு தின்று பழகிய தினையில் ஒரு பிடி கட்டிக் கொடுப்பார். குஞ்சு நிலைப்பதற்கு ஒரு வாரம் முந்திய உணவே தொடர வேண்டும். தினை, சாமை, கம்பு ஆகியவற்றோடு கீரையும் கணவாய் ஓடும் போதும். சூரியகாந்தி விதை அதிகமானால் கொழுப்புக் கட்டும்.

விருதுநகர் மாவட்டத்து வெயிலில் பங்குனி முதல் ஆவணி வரை பகல் பேருந்தில் பறவையைக் கொண்டுவரக் கூடாது. காற்றோட்டமுள்ள சிறு பெட்டியில், விடியற்காலையில் அல்லது இருட்டியபின் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே பறவை இருக்கும் வீட்டில் புதியதை ஒரு மாதமாவது வேறு அறையில் வைத்து, அதற்கென்று தனித் தட்டும் தனித் துணியும் வைக்க வேண்டும். பறவை மருத்துவம் தெரிந்தவரை ஊரில் கண்டுபிடிப்பது சிரமமானால், திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்த வட்டாரத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வாங்கி வந்தபின் அது நாட்டுக் கிளிக் குஞ்சு என்று தெரியவந்தால், மறைத்து வைக்காமலும் திறந்து விட்டுவிடாமலும் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பட்ஜியையும் வெளியே விடக் கூடாது. கூண்டில் பிறந்த பறவைக்கு இங்கே இரை தேடவும் பருந்திடமிருந்து தப்பவும் தெரியாது.