58 வயதுக்கு முன் வரும் நோய்: எல்லைமலைத் தோட்டங்களில் மருத்துவ உரிமையின் வரலாறு

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய சமூகப் பாதுகாப்புச் சட்டங்களுள் ஒன்று, 1948இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். இ.எஸ்.ஐ. என்ற பெயரில் பரவலாக அறியப்படும் அச்சட்டத்தின் வரையறைப் பகுதியில் 'பருவகாலத் தொழிற்சாலை' என்றொரு சொல் இருந்தது. பஞ்சு அரைக்கும் ஆலை, அவுரி, அரக்கு, காப்பி, ரப்பர், சர்க்கரை, தேயிலை ஆலைகள் ஆகியவை அச்சொல்லுக்குள் அடங்கின. இவற்றுக்குச் சட்டம் பொருந்தாது. மலைச்சரிவில் கொழுந்து எடுப்பவர்களோ தொழிற்சாலை என்ற சொல்லுக்குள்ளேயே வராதவர்கள்.

குளிர்காலத்தில் தேயிலைச்செடி உறங்கிவிடும் அஸ்ஸாமுக்கு இந்த வரையறை ஓரளவு பொருந்தலாம். மூணாறு, பீருமேடு, நெல்லியாம்பதி மலைகளில் கொழுந்து கூடும் மாதமும் குறையும் மாதமும் உண்டு. கொழுந்தே இல்லாத மாதம் கிடையாது. இருந்தும் இடுக்கி, பாலக்காட்டு மலைகளின் தமிழ்த் தொழிலாளர்கள் இந்தியாவின் முதன்மையான தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு வெளியே நின்றதற்கு, ஆண்டு முழுவதும் நடக்கும் ஒரு தொழிலைப் பருவகாலத் தொழில் என்று அழைத்த இச்சொல்லாட்சி ஒரு காரணம். மற்றொன்று, தோட்டங்களுக்கெனத் தனிச்சட்டம் ஒன்று அப்போது உருவாகிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பிருந்த ஏற்பாடு எளிமையானது. நோயுற்றவர் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகள் ஜான் டேனியல் மன்றோவின் கைக்கு வந்தன. 1897இல் கண்ணன் தேவன் நிறுவனம் உருவாயிற்று. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். போடி வழியாகவும் கம்பம், குமுளி வழியாகவும் மலையேறியவர்களுள் மலேரியாவுக்குத் தப்பியவர்கள் வேலை செய்தனர். உழைக்க முடியாதவரைப் பேணும் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறவில்லை. வறண்ட சமவெளிக் கிராமத்தின் தலையில் விழுந்தது. பாலக்காட்டு எல்லையை ஒட்டிய ஆனைமலைத் தோட்டங்களில் 1940களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், பின்னர் தொழிற்சங்கத்தில் இறங்கினார். அவருடைய 'ரெட் டீ' நாவலைத் தமிழ் வாசகர்கள் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் அறிவர். தோட்ட வாழ்வின் கொடுமையை ஒரு மருத்துவர் எழுத நேர்ந்தது தற்செயல் அல்ல. தோட்டத்தின் உண்மையான பேரேடு மருத்துவமனைப் பதிவேடுதான்.

1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1954 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 10ஆம் பிரிவு தொழிலாளருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி அளிப்பதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது; 15ஆம் பிரிவு வீட்டையும், 32ஆம் பிரிவு நோய்க்காலப் படியையும் பேறுகாலப் பயனையும் அவர் பொறுப்பில் வைத்தன. பல தோட்டங்களில் மருந்தகங்கள் எழுந்தன. பெரிய நிறுவனங்கள் மருத்துவமனைகளைக் கட்டின. சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒரு செவிலியரைக் காண்பதே அரிதாக இருந்த காலத்தில் இது சிறிய சாதனை அல்ல. தோட்டங்களைக் குறைகூறும் ஆய்வுகள் இதை எளிதாகக் கடந்துவிடுகின்றன.

ஆனால் இரு சட்டங்களின் இயல்பும் வேறு. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியும் முதலாளியும் பங்களிப்புச் செலுத்துகின்றனர். உரிமை தொழிலாளியின் பெயரில் நிற்கிறது. குறைந்தது 5 ஆண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வுபெற்றவரோ, விருப்ப ஓய்வில் சென்றவரோ ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் சிகிச்சையைத் தொடர இன்றைய விதிகள் இடமளிக்கின்றன. தோட்டச் சட்டத்தில் அப்படி ஒரு கதவு இருக்கவில்லை. உரிமை வேலையில் நிற்கிறது. பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கியதும் மருந்தும் வீடும் சேர்ந்தே நீங்குகின்றன. நோய்க்காலப் படிக்குச் சான்று வழங்க வேண்டியவரும் பெரும்பாலும் தோட்டத்திடம் சம்பளம் வாங்கும் மருத்துவரே.

தோட்டத்தில் ஓய்வு வயது 58. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே முதுகும் முழங்காலும் தளர்ந்துவிடுகின்றன. 48 வயதில் சரிவில் ஏற முடியாமற்போன ஒருவர் வேலையை விட்டால் லயத்தையும் விட வேண்டும். விடாவிட்டால் உடம்பு கெடும். இந்த முடிச்சுக்குத் தொழிலாளர் குடும்பங்கள் கண்ட வழி, பிள்ளைகளுள் ஒருவரைத் தோட்ட வேலையில் சேர்ப்பது. வீட்டுக்காகவே பிள்ளைகள் தோட்டத்தில் தங்க நேர்வது பலரும் எழுதிய செய்தி. அதிகம் பேசப்படாதது சட்டத்தின் 'குடும்பம்' என்ற வரையறை. தொழிலாளியைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கு அதில் இடமிருந்தது. ஆகவே படிப்பை நிறுத்திப் பெயர் பதிந்த பிள்ளையே பெற்றோரின் மருத்துவக் காப்பீடு. அக்காப்பீட்டுக்கான தவணை பணமாகக் கட்டப்படவில்லை. ஒரு தலைமுறையின் படிப்பாகக் கட்டப்பட்டது.

அதிலும் ஓர் ஓரவஞ்சனை இருந்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, சார்ந்து வாழும் பெற்றோர் என்ற சலுகை ஆண் தொழிலாளிக்கு மட்டுமே உரியது. கொழுந்து எடுப்பவர்களோ பெரும்பாலும் பெண்கள். மகள் தோட்டத்தில் உழைத்தாலும் அவளுடைய தாய்க்குச் சட்டப்படி மருந்து கேட்க வழியில்லை. மருமகளாக அவள் சென்ற வீட்டின் முதியோருக்கு அவள் கணவன் பெயரால் கிடைக்கும்.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேயிலை விலை சரிந்தது. பீருமேடு வட்டத்தில் தோட்டங்கள் கைவிடப்பட்டன. வேலையோடு கட்டப்பட்ட மருத்துவம் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சோதனை நடந்ததில்லை. மருந்தகங்கள் பூட்டப்பட்டன, நோய்க்காலப் படி நின்றது, பணிக்கொடை நிலுவையாயிற்று. 40க்கும் 58க்கும் இடைப்பட்ட வயதினரின் நிலை விசித்திரமானது. அவர்கள் ஓய்வுபெறவும் இல்லை, நீக்கப்படவும் இல்லை. தோட்டமே அவர்களை விட்டு நீங்கியது. ஏழைக் குடும்பங்களுக்கான அரசுக் காப்பீடு எதுவும் அங்கே அப்போது அவர்களை எட்டவில்லை. 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின்படி 50 வயதுக்குப் பின் முன்கூட்டியே ஓய்வூதியம் கேட்கலாம். ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தொகை குறைக்கப்படும். 2008 முதல் அக்குறைப்பு ஆண்டுக்கு 4 விழுக்காடு. முழு வயதில் பெறுபவருக்கே மாதம் 1,000 ரூபாய் என்ற குறைந்தபட்ச வரம்பு 2014இல்தான் வந்தது. கேரளம் உட்பட நான்கு மாநிலத் தேயிலைத் தோட்டங்களின் நிலுவைகளைக் கணக்கிட உச்ச நீதிமன்றம் நீதிபதி அபய் மனோகர் சாப்ரே குழுவை அமைத்தது 2020இல். 2000இல் 45 வயதாக இருந்தவர் அதற்குள் 65ஐ எட்டியிருப்பார்.

2008இல் ராஷ்ட்ரிய சுவஸ்திய பீமா திட்டம் வந்தது. ஐவர் கொண்ட ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை. பதிவுக்கட்டணம் 30 ரூபாய். அதன் வழித்தோன்றலான காருண்ய ஆரோக்ய சுரக்ஷா திட்டம் 2019 முதல் அத்தொகையை 5 லட்சமாக்கியது. மருத்துவ உரிமை தோட்டப் பதிவேட்டிலிருந்து முதன்முறையாக விடுபட்டது. இதன் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆயினும் இது படுக்கையில் சேர்ந்தால் மட்டுமே பேசும் காப்பீடு. சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், ஓயாத இருமல் ஆகிய தோட்டத்து நோய்களுக்கு மாதாமாதம் மாத்திரையும், மருத்துவரிடம் போய்வரப் பேருந்துக் கட்டணமும், இழந்த ஒரு நாள் கூலியுமே செலவு. இவற்றைப் பழைய மருந்தகம் அரைகுறையாகவேனும் ஏற்றது. புதிய அட்டை ஏற்பதில்லை. நெல்லியாம்பதியிலிருந்து நென்மாறைக்கு இறங்க ஒரே மலைப்பாதை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதுவும் துண்டிக்கப்பட்டது. அட்டை பையில் இருந்து என்ன பயன்?

எல்லை மற்றொரு சிக்கல். 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. மூணாற்றுக்காரர் பலர் சிகிச்சைக்கு நாடுவது, 2004இல் தொடங்கிய தேனி அரசு மருத்துவக் கல்லூரியையும் மதுரையையும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு அம்மாநிலக் குடும்ப அட்டை வேண்டும். கேரளக் காப்பீட்டுக்குக் கேரளப் பதிவு வேண்டும். இரண்டு மாநிலங்களிலும் வீடு வைத்துக்கொண்டு இரண்டையும் பெறுகிறார்கள் என்று தொழிலாளரைக் குறைகூறுவோர், 58க்குப் பின் லயத்தைவிட்டுத் திரும்பிச்செல்ல ஊரொன்றை அவர்கள் காத்துவைக்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். மொழியும் இடையில் வரும். தமிழில் 'வலி' நோவு; மலையாளத்தில் நோவுக்கு 'வேதனை', 'வலிவு' என்றால் மூச்சிழைப்பு. புறநோயாளர் வரிசையில் ஒரு நிமிடம் கிடைப்பவருக்கு இது மொழியியல் வேடிக்கை அல்ல.

2015 செப்டம்பரில் பெண்கள் ஒற்றுமை என்ற பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' மூணாற்றுச் சாலையில் அமர்ந்தது. 20 விழுக்காடு போனஸ் கிடைத்தது. அடுத்த மாதம் நாட்கூலி 232இலிருந்து 301 ரூபாயானது. அக்கூலியில் தனியார் காப்பீட்டுத் தவணை கட்டும் வாய்ப்பைப் பற்றிப் பேசத் தேவையில்லை. ஒப்பிட ஒரு செய்தி: கேரள அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் 2022 ஜூலையில் தொடங்கிய மெடிசெப் திட்டத்தில் தொடக்கத்தில் மாதத் தவணை 500 ரூபாயாக இருந்தது. தோட்ட ஓய்வூதியரின் குறைந்தபட்சத் தொகையில் அது பாதி.

2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. பருவகாலத் தொழிற்சாலை விலக்கு அதிலும் தொடர்கிறது. ஆனால் தோட்டங்கள் இ.எஸ்.ஐ.யில் சேர முதன்முறையாக ஒரு வழி வைக்கப்பட்டுள்ளது. அதற்கு நிபந்தனைகள் இரண்டு. இப்போது தோட்டம் தருவதைவிட இ.எஸ்.ஐ. தருவது மேலாக இருக்க வேண்டும். சேர்வதற்கான விருப்பத்தைத் தோட்டத்தின் முதலாளி தெரிவிக்க வேண்டும். தொழிலாளி விருப்பம் தெரிவிப்பதற்கான பிரிவு எதுவும் அதில் இல்லை.