மண்டைக்குள்ள காத்தடிச்சுப் படம் எடுத்த கதை

இப்பல்லாம் தலைவலின்னு போனா ஒரு ஸ்கேன் எழுதிக் குடுத்துடறாங்க. நாமளும் மெஷின்ல கொஞ்ச நேரம் படுத்துட்டு, பெரிய கவரோட வந்துடறோம். நூறு வருஷத்துக்கு முன்னாடி மூளையைப் படம் பிடிக்கறதே தலைவலி. நெசமான தலைவலிங்க!

எக்ஸ்ரேயில மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. 1918-ல அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில வால்டர் டேண்டி ஒரு வழி சொன்னார். மூளைக்குள்ள திரவம் நிறைஞ்ச அறைகள் இருக்கு. திரவத்தை எடுத்துட்டுக் காத்தை ஏத்தினா எக்ஸ்ரேயில அந்த அறைகளோட வடிவம் விழும். அறை ஒதுங்கி நசுங்கியிருந்தா பக்கத்துல கட்டின்னு சந்தேகப்படலாம். 1919-ல, மண்டையில ஓட்டை போடாம முதுகுத்தண்டு வழியாவே காத்தை ஏத்தினார். விளைவு? உயிர் போற தலைவலி, வாந்தி. தலைவலிக்குக் காரணம் தேடப்போய் இன்னொரு தலைவலி. அம்பது வருஷம் இதுதான் நடைமுறை. அதனால ரொம்ப சந்தேகம் இருந்தாத்தான் செய்வாங்க.

இதுக்கு முடிவு கட்டினவர் நம்மள மாதிரி பொட்டி தட்டுற கூட்டத்து ஆளு, காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. பீட்டில்ஸ் ரெக்கார்டு போட்ட இ.எம்.ஐ. கம்பெனியில கம்ப்யூட்டர் வடிவமைச்சவர். பல கோணத்துல எக்ஸ்ரே அளவெடுத்து, கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு உள்ள இருக்கறதைக் கண்டுபிடிக்கலாம்ங்கறது ஐடியா. ஆரம்பத்துல ஒரே ஒரு படத்துக்கு 28,000 அளவுகள், எடுக்க 9 நாள்! 1971 அக்டோபர் 1, லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில முதல் நோயாளி, ஒரு பெண். படம் 80-க்கு 80 புள்ளிதான், ஆனா கட்டி தெரிஞ்சுது. 1979-ல ஆலன் கார்மக்கோட சேர்ந்து நோபல் பரிசு. மனுஷன் யுனிவர்சிட்டி பட்டமே வாங்கினதில்ல. நாலு வருஷம் பி.இ. படிச்ச எனக்குக் கொஞ்சம் உறுத்துது :-)

பின்னாடி எம்.ஆர்.ஐ.யும் வந்து, வலியில்லாம பாக்க முடிஞ்சதும் புதுசா ஒரு வம்பு. தேடாததெல்லாம் கண்ணுல பட ஆரம்பிச்சுது. 2007-ல நெதர்லாந்தின் ராட்டர்டாம்ல 45 வயசு தாண்டின 2,000 சாதாரண ஜனங்களோட மூளையை ஸ்கேன் பண்ண முடிவு வெளியாச்சு. 7.2% பேருக்கு அவங்களுக்கே தெரியாம ரத்த ஓட்டம் தடைபட்ட தழும்பு, 1.8% பேருக்கு ரத்தக்குழாய் வீக்கம், 1.6% பேருக்குப் புற்றுநோய் அல்லாத கட்டி.

என் கூட வேலை பாக்கற நண்பருக்கு வருஷக்கணக்கா தலைவலி. ரிப்போர்ட்ல 'சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்'னு ஒரு வரி. நெட்ல தேடிட்டு ரெண்டு ராத்திரி தூங்கல, பொண்டாட்டிகிட்ட இன்ஷ்யூரன்ஸ் பத்தியெல்லாம் பேசிட்டார். நியூராலஜிஸ்ட் படத்தை ரெண்டு நிமிஷம் பாத்தார். ஒத்தைத் தலைவலிக்காரங்களுக்கு இந்தப் புள்ளி சகஜம், உங்க வலிக்கு இது காரணமில்லன்னுட்டார். மீதி அரை மணி நேரமும் கேள்விதான்: வெளிச்சம் கூசுதா, எப்ப தூங்கறீங்க, வாரத்துல எத்தனை மாத்திரை போடறீங்க.