லினக்ஸில் வலை வழங்கி தொடங்காமை

லினக்ஸ் கணினியில் அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ் போன்ற வலை வழங்கி மென்பொருளுக்குத் தொடக்கக் கட்டளை கொடுத்தும், அது ஓடாமல் பிழைச் செய்தியோடு நின்றுவிடும் நிலையே வலை வழங்கி தொடங்காமை. ஓடும் வழங்கி மெதுவாவதும், ஏதோ ஒரு பக்கம் மட்டும் திறக்காமல் போவதும் இதில் சேரா. 1995-இல் வெளிவந்த அப்பாச்சியும், ரஷ்ய நிரலாளர் இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸும் உள்ளமைப்பில் மிகவும் வேறுபட்டவை. ஆனால் தொடங்கும்போது இரண்டும் செய்யும் வேலைகள் ஏறத்தாழ ஒன்றே: அமைவுக் கோப்பைப் படிக்கும், பதிவுக் கோப்புகளைத் திறக்கும், சான்றிதழையும் அதன் திறவுகோலையும் ஏற்றும், போர்ட்டைப் பிடிக்கும், கடைசியில், ரூட் அதிகாரம் இல்லாத பயனரின் பெயரில் பணிச் செயல்களைக் கிளப்பும். எந்த வேலையில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பழுது தீர்ந்த மாதிரி. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது பலர் முதலில் நாடும் வழி. பெரும்பாலும் அதனால் பயனில்லை. பழைய அமைவுக் கோப்பும், போர்ட்டைப் பிடித்திருக்கும் வேறு நிரலும் அப்படியேதான் இருக்கும்.

இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் சேவைகளைத் தொடங்கி நிறுத்துவது, 2010-இல் வந்த சிஸ்டம்டி. தொடக்கம் தோற்றால் அது திரையில் காட்டும் ஒற்றை வரி, தோற்றது என்பதை மட்டுமே சொல்லும். காரணம் இருப்பது ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் பதிவிலும், வழங்கியின் சொந்தப் பிழைப் பதிவிலும்தான். சிஸ்டம்டியின் இயல்பான வரம்புப்படி, 10 வினாடிக்குள் 5 தொடக்கங்களுக்கு மேல் முயன்றால் அது மறுத்துவிடும். 'மிக விரைவாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது' என்ற அந்தச் செய்தியை மூலக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவில் அதற்கு மேலே போய்ப் படிக்க வேண்டும். வழங்கியின் முழுப் பெயரை உறுதியாக அறிய முடியவில்லை என்று அப்பாச்சி தரும் வரியும் அப்படித்தான். அது வெறும் எச்சரிக்கை. அதனால் எந்த வழங்கியும் நிற்பதில்லை.

அமைவுக் கோப்பில் விட்டுப்போன ஓர் அரைப்புள்ளி எஞ்சின்எக்ஸை நிறுத்தப் போதும். இரண்டு மென்பொருள்களிலும் கோப்பைச் சோதித்து, பிழையுள்ள வரியின் எண்ணைச் சொல்லும் வசதி உண்டு. பிழை பல நேரம் காட்டிய வரிக்கு முந்தைய வரியில் இருக்கும். அப்பாச்சி 'தெரியாத கட்டளை' என்றால், எழுத்துப்பிழையைத் தேடும் முன் அந்தக் கட்டளைக்குரிய தொகுதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சோதனையில் கோப்பு சரி என்று வந்தும் வழங்கி தொடங்காவிட்டால், அடுத்து பார்க்க வேண்டியது போர்ட். பிழை எண் 98 வந்தால், அந்த முகவரியும் போர்ட்டும் ஏற்கெனவே வேறொரு நிரலின் கையில் இருக்கின்றன என்று பொருள். அப்பாச்சி இருக்கும் கணினியில் எஞ்சின்எக்ஸையும் நிறுவுவோருக்கு 80-ஆம் போர்ட்டில் இது நேர்வது வழக்கம். எஸ்எஸ் கட்டளையை ரூட் அதிகாரத்தோடு இயக்கினால், பிடித்திருக்கும் நிரலின் பெயரும் செயல் எண்ணும் தெரியும். சில நேரம் வேறு நிரலே இருக்காது. அப்பாச்சியின் இரண்டு அமைவுக் கோப்புகளில் ஒரே போர்ட் எழுதப்பட்டு, அது தன்னோடு தானே மோதிக்கொண்டிருக்கும். எண் 99 என்றால் அமைவில் எழுதிய ஐபி முகவரி அந்தக் கணினியில் இல்லை.

எண் 13 அனுமதி மறுப்பு. 1024-க்குக் கீழான போர்ட்டுகளைப் பிடிக்க, இயல்பான அமைப்பில், ரூட் அதிகாரமோ அதற்கென்று தந்த தனி அனுமதியோ வேண்டும். ரூட்டாகத் தொடங்கியும் இதே எண் வருகிறதென்றால், ரெட் ஹாட் குடும்ப வெளியீடுகளில் எஸ்இலினக்ஸ் என்னும் பாதுகாப்பு அமைப்பைச் சந்தேகிக்கலாம். 80, 443, 8443 போன்ற குறித்த போர்ட்டுகளையே அது வலை வழங்கிக்கு விட்டுவைக்கும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை பரவலாக உண்டு. அது தவறான ஆலோசனை. தேவைப்படும் ஒரு போர்ட்டை மட்டும் செமனேஜ் கட்டளையால் அனுமதித்தால் போதும், காவல் முழுவதையும் இழக்க வேண்டியதில்லை.

மிகவும் குழப்புவது எண் 28, அதாவது இடமில்லை என்ற செய்தி. வட்டு நிறைந்திருக்கலாம், வட்டில் இடமிருந்தும் கோப்புகளின் விவரங்களைக் குறித்துவைக்கும் ஐநோடுகள் தீர்ந்திருக்கலாம். இரண்டும் போதுமான அளவு இருந்தும் அப்பாச்சி இதைச் சொன்னால், முன்பு முறையாக அணையாமல் விழுந்தபோது அது விட்டுச்சென்ற செமஃபோர்கள் (செயல்களை ஒருங்கிணைக்கும் குறிகள்) லினக்ஸ் கருவின் வரம்பை நிரப்பியிருக்கக்கூடும். ஐபிசிஎஸ் கட்டளையில் அவற்றைக் காணலாம். ஓடும் நிரல் எதற்கும் உரியவை அல்ல என்று உறுதிசெய்த பிறகே ஐபிசிஆர்எம் கட்டளையால் அகற்ற வேண்டும்.

கையால் தொடங்கினால் ஓடி, கணினியை மறுதொடக்கம் செய்தால் மட்டும் நின்றுபோகும் வழங்கிகளும் உண்டு. கடவுச்சொல் பூட்டிய திறவுகோல் ஒரு காரணம். கணினி எழும்போது கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய ஆள் இருப்பதில்லை. மற்றொன்று எஞ்சின்எக்ஸுக்கே உரியது. பின்னணி வழங்கி ஒன்றின் பெயர் அமைவில் இருந்தால், தொடங்கும்போதே அதன் முகவரியைத் தேடும். பிணையம் அதற்குள் எழவில்லையென்றால் பெயர் கிடைக்காமல் நின்றுவிடும். சேவைக் கோப்பில், பிணையம் ஆயத்தமான பின்பே தொடங்க வேண்டும் என்று எழுதிவைத்தால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.