ஒற்றை முனைத் துப்பாக்கி வார்: அணிவதும் அளவு வைப்பதும்

துப்பாக்கியில் ஒரே இடத்தில் மட்டும் கொக்கி மாட்டி அணிவது ஒற்றை முனை வார். மலேசிய இராணுவம் பயன்படுத்தும் எம்4 போன்ற குட்டையான துப்பாக்கிகளுக்கு இது பொருந்தும். பின்கட்டைக்குச் சற்று முன்னால் உள்ள வளையத்தில் கொக்கியை மாட்டுவார்கள்.

முதலில் மேகசினைக் கழற்றி, தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பிறகு தலையையும் ஒரு கையையும் நுழைத்து, வார் மார்பின் குறுக்கே வரும்படி அணிய வேண்டும். கவச அங்கி அணிபவர்கள் அதைப் போட்ட பிறகே அளவு வைக்க வேண்டும்.

கையை விட்டால் பின்கட்டை மார்பருகே நின்று, குழல்வாய் தரையை நோக்க வேண்டும். தூக்கினால் பின்கட்டை தோளில் முழுதாகப் பதிய வேண்டும். வார் இறுகினால் அது பதியாது. தளர்ந்தால் துப்பாக்கி முழங்காலில் இடிக்கும். மிச்ச வாரை மடித்துக் கட்டாவிட்டால் எதிலாவது மாட்டிக்கொள்ளும்.

இவ்வகை வாரின் பெரிய குறை ஊசலாட்டம். ஓடும்போதும் குனியும்போதும் குழல்வாய் சொந்தக் காலையோ பக்கத்தில் இருப்பவரையோ நோக்கித் திரும்பும். அதனால் ஒரு கை எப்போதும் துப்பாக்கியின் பிடியில் இருக்க வேண்டும். விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இரு கைகளும் தேவைப்படும் ஏணி, மதில் போன்ற இடங்களில் இரட்டை முனை வாரே பாதுகாப்பு.