பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான்

நர்சிங் மாணவர்களுக்கு ஆராய்ச்சிமுறை சொல்லித்தர உதவும் கிளிக்கர், அதாவது வகுப்பில் ஆளுக்கொன்றாக வைத்துப் பொத்தானை அழுத்தி விடை அனுப்பும் சிறு கருவி, பிறந்ததே ஆராய்ச்சிக் கருவியாகத்தான். 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், சிபிஎஸ் வானொலியின் ஃபிராங்க் ஸ்டான்டனும் வியன்னாவிலிருந்து வந்திருந்த பால் லாசர்ஸ்ஃபெல்டும் அதன் முன்னோடியை உருவாக்கினார்கள். நிகழ்ச்சி பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்பு. ஓடும் காகிதச் சுருளில் பேனாக்கள் கோடு இழுத்துக்கொண்டே போகும்.

1941 நவம்பரில் லாசர்ஸ்ஃபெல்ட் வீட்டுக்கு விருந்துக்குப் போன சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனை, சாப்பிடக்கூட விடாமல், இந்தப் பொத்தான் சோதனை நடந்த ஸ்டூடியோவுக்கு இழுத்துப் போனார் விருந்தழைத்தவர். எந்த நொடியில் பிடிக்காமல் போனது என்று கோடு காட்டியது. ஏன் என்பதை ஆட்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று மெர்ட்டன் யோசித்ததில் உருவான நேர்காணல் முறைதான் இன்றைய ஃபோகஸ் குரூப்பின் மூதாதை. அளவுசார் ஆய்வு எங்கே முடிகிறது, பண்புசார் ஆய்வு எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல கதை பாடநூலில் கிடையாது.

1960களில் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களில் பொத்தான் கம்பிகளோடு வகுப்பறைக்குள் நுழைந்தது. பிறகு கம்பி போனது. 2013இல் நார்வேயின் கஹூட் என்ற வினாடிவினாத் தளம் வந்தபின் கருவியே தேவையில்லை, கைப்பேசி போதும் என்றாயிற்று. கஹூட் வேகத்துக்கும் மதிப்பெண் தருவதால் வினாடிவினாவுக்குச் சரி. நிதானித்துத் தகவல் திரட்ட அது லாயக்கில்லை என்பேன்.

வகுப்பே மாதிரிக்கூறு ஆகும்போதுதான் கிளிக்கரின் அருமை தெரியும். ஆளுக்கு 15 விநாடி தன் நாடியை எண்ணி, நாலால் பெருக்கி அனுப்பட்டும். ஒரு துடிப்பு தவறினால் விடையில் நான்கு தவறும். அளவீட்டுப் பிழைக்கு வேறு விளக்கம் எதற்கு? ஒன்பது பேர் 72 என்று அனுப்ப, பத்தாமவர் கைதவறி 720 என்று தட்டினால் சராசரி 136.8க்குத் தாவும். இடைநிலை அளவோ 72லேயே நிற்கும். இந்தத் தாவலைத் திரையில் பார்த்தவர்களுக்கு அப்புறம் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

“கடைசியாக நோயாளியைத் தொடும்முன் கை கழுவினீர்களா?” என்பதை முதலில் கைதூக்கச் சொல்லியும், பிறகு பொத்தான் வழியாகவும் கேட்கலாம். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாவிட்டால், நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசை தகவலை எப்படித் திரிக்கும் என்று பேச வழி கிடைக்கும். ஆனால் கிளிக்கர் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. வருகைப்பதிவுக்காக அதை மாணவர் பெயரோடு இணைத்திருப்பார்கள். “மேடம், யார் என்ன அழுத்தினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தால், ஒப்புதல் படிவத்தைப் பற்றிய பாடத்தை அங்கேயே தொடங்கிவிடலாம்.